ஆபீசுக்கு ஏஐ வந்துவிட்டது, விஷயம் தெரிந்தவர்கள் எழுதித் தரத் தயங்குகிறார்கள், முதலில் எதைச் சரி செய்வது?

வெள்ளைப்பலகை:

நாங்கள் சுமார் 200 பேர் வேலை செய்யும் நிறுவனம். நாலு மாதத்துக்கு முன் மேலிடத்தில் முடிவெடுத்து ஒரு ஏஐ உதவியாளரை வாங்கினார்கள். ஆபீஸ் கோப்புகள் எல்லாவற்றோடும் அதை இணைத்துவிட்டால் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அதனிடமே கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். இணைக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் வாரமே சிக்கல். வாடிக்கையாளர் கெடு தாண்டிப் பொருளைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று விற்பனைப் பிரிவில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள், மூன்று பதில் வந்திருக்கிறது. மூன்றும் தெளிவான மொழியில், கொஞ்சமும் தயக்கம் இல்லாமல். தேடிப் பார்த்தால் மூன்றுமே எங்கள் கோப்புகளில் இருப்பவைதான். ஒன்று ஆறு வருடத்துக்கு முந்தைய விதி, ஒன்று யாரோ ஒரு கூட்டத்துக்காகத் தயாரித்து அப்படியே விட்ட வரைவு, இன்னொன்று ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுத்த சலுகை. இன்றைக்கு உண்மையில் நடப்பது இந்த மூன்றும் இல்லை. அது கணக்குப் பிரிவில் 19 வருடமாக இருக்கும் ஒரு அக்காவுக்குத்தான் தெரியும். எல்லோரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள்.

அவரிடம் போய், "அக்கா, இதையெல்லாம் எழுதிக் கொடுத்தீங்கன்னா ஏஐக்குள்ள போட்டுடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்குத்தான் பதில் வரவில்லை.

யோசிக்க யோசிக்க நாங்கள் வரிசையையே மாற்றிப் போட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கமே இல்லாத இடத்தில் கருவியைக் கொண்டுவந்து வைத்தால் அது எதை எடுத்துக் கொடுக்கும்? இதைக் கடந்து வந்தவர்கள் முதலில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கருவி பரிந்துரைகள் வேண்டாம், அது ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

திருகாணி:

அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஆர் என்கிற மானுடவியலாளர் 1980களில் காப்பியர் பழுது பார்ப்பவர்களோடு கூடவே சுற்றிப் பார்த்தார். கம்பெனி கொடுத்த கையேட்டில் இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய் என்று வரிசையாக இருந்தது, ஆனால் அவர்கள் உண்மையில் பழுதைக் கண்டுபிடித்தது தங்களுக்குள் பேசிக்கொண்ட கதைகளால்தான். "போன மாசம் ஒரு மெஷின் இப்படித்தான் படுத்துச்சு, கடைசியில பார்த்தா..." என்று ஆரம்பிக்கும் பேச்சு. எங்கள் பட்டறையிலும் அப்படியேதான், பம்ப் பேரிங் போகப் போகிறது என்பதை மீட்டர் காட்டுவதற்கு முன்னால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் ஆள் எங்களிடம் இருந்தார்.

அந்தக் கதைகளைச் சேர்க்க ஜெராக்ஸ் 1990களில் யுரேகா என்று ஒரு அமைப்பை உண்டாக்கியது, பிரான்சில்தான் முதலில் சோதித்தார்கள். அதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒரு டெக்னீஷியன் எழுதும் குறிப்பை மேலாளர் சரிபார்க்கவில்லை, அதே வேலை செய்கிற மற்ற டெக்னீஷியன்கள்தான் சரிபார்த்தார்கள். அப்புறம், எழுதியவருக்குக் கிடைத்தது பணம் இல்லை, குறிப்போடு அவர் பெயர். முன்பின் பார்க்காத ஊரில் இருக்கிற ஒருவன் உங்கள் பெயரைப் பார்த்து, இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி மெஷினைக் கழற்றுகிறான் என்றால் அது சின்ன விஷயமா?

இப்போதைய ஏஐ பதிலில் அந்தப் பெயர் காணாமல் போகிறது. உங்கள் அக்கா எழுதிய பத்தியை அது வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும், கேட்டவர் ஏஐக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். முதலில் இதைச் சரி செய்யுங்கள். பதிலின் அடியில் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று வர வேண்டும்.

குறியீட்டாளன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பண்பாடு முதலில், கருவி அப்புறம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த நாளும் ஆரம்பிக்கவே முடியாது. விக்கி, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய பக்கங்கள் என்பதை, வார்டு கன்னிங்ஹாம் என்ற புரோகிராமர் 1995லேயே இணையத்தில் வைத்துவிட்டார், இத்தனை வருடமாக எத்தனை ஆபீசில் விக்கி திறந்து நாலு பக்கம் எழுதி அப்படியே கிடக்கிறது? காரணம் மனசு இல்லாதது மட்டும் இல்லை, எழுதுவது கடினம். வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தால் கை ஓடாது.

ஏஐ உதவக்கூடிய இடமே இதுதான். எங்கள் டீமில் சர்வர் விழுந்து எழுந்த பிறகு, அதைச் சரி செய்தவரோடு இன்னொருவர் உட்கார்ந்து 20 நிமிடம் பேசுவார். முதலில் எதைப் பார்த்தாய், எதைச் சந்தேகப்பட்டாய், எது தப்பான வழியாகப் போயிற்று, இவ்வளவுதான் கேள்வி. அவர் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கி, ஏஐ ஒரு வரைவு தயாரிக்கிறது, அவர் அதைத் திருத்துகிறார். வெறும் பக்கத்தில் எழுதச் சொன்னபோது வருடத்துக்கு ரெண்டு குறிப்பு வந்த இடத்தில் இப்போது மாதத்துக்கு ஐந்தாறு வருகிறது.

பலன் இருக்கிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் மூவரும் 2023இல் வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேரைப் பார்த்தார்கள். ஏஐ உதவி கிடைத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்து வைத்த சிக்கல்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின, புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். திறமையானவர்களின் பழக்கங்கள் கருவி வழியாகப் புதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் அவர்கள் கொடுத்த விளக்கம். அறிவைப் பகிர்வது என்று நாம் இங்கே பேசுவது அதுதானே?

இரண்டாம்ஷிஃப்ட்:

அதே ஆய்வில் அனுபவசாலிகளுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் அந்த மாதிரி வேலையில்தான் ஏழு வருடமாக இருக்கிறேன். கத்திக்கொண்டு பேச வருபவரை எப்படி அமைதியாக்குவது, எந்த இடத்தில் மன்னிப்பு கேட்பது, எந்த இடத்தில் மன்னிப்பு கேட்டால் இன்னும் கோபம் ஏறும், இதெல்லாம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது. எங்கள் இடத்திலும் நன்றாகச் செய்பவர்களின் உரையாடல்களை எடுத்து ஏஐக்குக் கொடுத்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நேற்றுச் சேர்ந்த பையனின் திரையில் நான் எப்போதும் சொல்கிற வாக்கியம் அப்படியே வந்து நிற்கிறது. அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவனுக்கு நல்லதுதான். ஆனால் வருட முடிவில் என்னுடைய மதிப்பீட்டில், "டீமோடு வித்தியாசம் குறைந்துவிட்டது" என்று எழுதி எனக்கு வழக்கமாக வரும் ஊக்கத்தொகையைக் குறைத்தார்கள். வித்தியாசம் குறைந்ததே நான் கற்றுக்கொண்டது எல்லோருக்கும் போனதால்தான்!

அன்றிலிருந்து நான் புதிதாகக் கண்டுபிடிக்கும் எதையும் குழு அரட்டையில் போடுவதில்லை. முன்பெல்லாம் தினமும் போடுவேன். என்னோடு இருந்த இன்னும் மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். இது தப்பு என்று எனக்கே தெரிகிறது, வருத்தமாகவும் இருக்கிறது, ஆனாலும் கை போகவில்லை.

வெள்ளைப்பலகை, உங்கள் அக்காவுக்கு நல்ல வார்த்தை சொல்லிப் பயனில்லை. எழுதிக் கொடுத்த பிறகு அவருடைய வேலை என்னவாக இருக்கும் என்பதை மேலிடம் எழுத்தில் கொடுக்கட்டும். அப்புறம் கேளுங்கள்.

குறியீட்டாளன்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் சொன்ன 20 நிமிடப் பேச்சு எங்கள் டீமில் நடப்பதற்குக் காரணம், அதை வைத்து யாரையும் மதிப்பிட மாட்டோம் என்று தலைவர் முதல் நாளே சொன்னதும், ஒரு முறை மேலிடம் அந்தக் குறிப்புகளைக் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்ததும்தான். அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்களுக்கு அது பழகிப்போனதால் கண்ணில் படவில்லை.

மாலைநேரம்:

செவிலியராக இருக்கிறேன். ஏஐ பற்றி அதிகம் தெரியாது, ஆனால் எழுதி வைப்பதில் உள்ள பயம் எனக்குத் தெரியும்.

முன்பு வேலை செய்த ஒரு மருத்துவமனையில், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்ததால் தவறானதைக் கையில் எடுத்துவிட்டேன். போடுவதற்கு முன்பே கவனித்து மாற்றிவிட்டேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தட்டை மாற்றி வைக்கச் சொல்லி நானே போய் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தக் காகிதத்தை மேசை மேல் வைத்து விளக்கம் கேட்டார்கள். தட்டு மட்டும் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் எதுவும் எழுதவில்லை, பதிவேட்டைப் பார்த்தால் தவறே நடக்காத வார்டு என்று தோன்றும்.

ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. முதலில் அவருக்கே அது புரியவில்லை. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள். எங்கள் வார்டு நேர் எதிர்.

விமானத் துறையில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976இல் ஒரு பாதுகாப்பு அறிக்கை முறையைத் தொடங்கினார்கள். விமானி தெரியாமல் செய்த விதிமீறலைத் தானே 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால், அது விபத்தோ குற்றமோ இல்லாதபட்சத்தில், பெரும்பாலும் தண்டனை இல்லை. விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் தண்டிக்கும் அதிகாரம் இருப்பதால் அறிக்கைகளை வாங்கும் வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசா பெயர்களை நீக்கிவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறது. வாங்குகிற கையும் தண்டிக்கிற கையும் வேறுவேறு.

திருகாணி சொன்னதில் பெயர் இருக்க வேண்டும், நான் சொல்வதில் பெயர் இருக்கக் கூடாது. இரண்டும் சரி என்றுதான் நினைக்கிறேன். கண்டுபிடித்ததற்குப் பெயர் வேண்டும், தவறிப்போனதற்குப் பெயர் வேண்டாம். உங்கள் ஏஐ இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்கட்டு:

ஆவணப் பிரிவு ஆள். மனசு பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் கோப்பு பற்றிச் சொல்கிறேன்.

இந்த உதவியாளர்கள் எப்படி வேலை செய்கின்றன என்றால், கேள்வியை வாங்கி, உங்கள் கோப்புகளில் அதற்கு நெருக்கமாகத் தெரியும் துண்டுகளைத் தேடி எடுத்து, அவற்றை மொழி மாதிரியிடம், அதாவது வாக்கியங்களை எழுதும் ஏஐயிடம், கொடுத்துப் பதில் எழுதச் சொல்கின்றன. இந்த முறைக்கு இப்போது புழங்கும் ஆர்ஏஜி (RAG) என்ற பெயர் 2020இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. நெருக்கம் என்பது சொல்லின் பொருளில் உள்ள நெருக்கம். எது நடைமுறையில் இருக்கிறது, எதைக் கைவிட்டார்கள் என்பதை யாராவது கோப்பிலேயே குறித்து வைத்திருந்தால் ஒழிய அதற்குத் தெரியாது. மூன்று பதில் வந்ததற்குக் கருவியைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் கோப்பறையில் மூன்று விதி இருக்கிறது.

எங்களிடம் ஒரே விண்ணப்பப் படிவத்துக்கு 11 கோப்புகள் இருந்தன, அதில் நாலு கோப்பின் பெயரில் "இறுதி" என்று இருந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்யக் கிளம்பினால் வருடக்கணக்கில் ஆகும் என்பதால் நாங்கள் அந்த வழியில் போகவில்லை. மக்கள் அடிக்கடி கேட்கும் 40 கேள்விகளை மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர், மறுபடி பார்க்க வேண்டிய தேதி. அந்தத் தேதி தாண்டினால் பக்கம் தானாகவே ஏஐயின் பார்வையிலிருந்து விலகிவிடும். ஏஐக்கு முதலில் அந்த 40 பக்கத்தை மட்டும்தான் திறந்துவிட்டோம், மீதி கோப்பறை முழுவதும் மூடியே இருந்தது. "இது எனக்குத் தெரியாது, இன்னாரைக் கேளுங்கள்" என்று சொல்ல வைத்தோம். அந்த வாக்கியத்தை அது அடிக்கடி சொன்னபோது மேலிடம் முகம் சுளித்தது, நாங்கள் மாற்றவில்லை.

அனுமதிகளையும் பாருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் கேட்பவருக்கு ஏற்கெனவே திறக்க அனுமதி உள்ள கோப்புகளைத்தான் பார்க்கும், பாதுகாப்பு என்று அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பல வருடமாக "எல்லோருக்கும்" என்று தெரியாமல் திறந்து கிடக்கும் சம்பளப் பட்டியலை முன்பு யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, இப்போது ஒரு கேள்வியில் வந்துவிடும். அது ஒரு தடவை நடந்தால் போதும், அப்புறம் எந்தப் பிரிவும் எதையும் பகிர்ந்த இடத்தில் வைக்காது.

திருகாணி:

ஒன்று சேர்க்க வேண்டும். எழுதினால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்க அணு ஆயுதங்களில் ஃபாக்பேங்க் என்று பெயரிட்ட ஒரு பொருள் உண்டு, டபிள்யூ76 என்ற வகையில் பயன்படுவது. 1980களோடு தயாரிப்பு நின்றது. 2000க்குப் பிறகு மறுபடி தேவைப்பட்டபோது செய்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், குறிப்புகளும் குறைவு. பல வருடம், பெரும் செலவு, புதிய ஆலை, எல்லாம் ஆன பிறகும் பழைய மாதிரி வரவில்லை. கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அந்தக் காலத்தில் மூலப்பொருளில் ஒரு அசுத்தம் இருந்திருக்கிறது, அதுதான் பொருளைச் சரியாக வர வைத்திருக்கிறது. புதிய ஆலை அதைச் சுத்தம் செய்து எடுத்துவிட்டது. பழைய ஆட்களுக்கே அது தெரியாது! தெரியாததை எப்படி எழுதி வைத்திருப்பார்கள்?

கையிலும் காதிலும் இருக்கிற விஷயத்துக்குப் பக்கத்தில் நிற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் பேரிங் ஆள் ஓய்வு பெறுவதற்கு முந்தைய எட்டு மாதம் இரண்டு இளைஞர்களை அவரோடு அனுப்பினோம். எழுதச் சொல்லவில்லை. அவர் எங்கே நின்று காது கொடுக்கிறார் என்று பார்த்தார்கள். குழாய் வளைவுக்குப் பக்கத்தில் நிற்பாராம், எதற்கு என்று கேட்டதற்கு அங்கேதான் எப்போதும் நிற்பேன் என்றாராம். இப்போது அந்த இருவரும் அங்கேதான் நிற்கிறார்கள், அவர்கள் எழுதிய குறிப்பில் முதல் வரியே அதுதான்.

வெள்ளைப்பலகை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் எழுதியதை அச்சடித்து மேலிடக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

இரண்டாம்ஷிஃப்ட் சொன்னதைத்தான் முதலில் கேட்டேன், எழுத்தில் வேண்டும் என்று. இரண்டு கூட்டம் ஆனது. எழுதிக் கொடுப்பவர்களின் பதவி மதிப்பீட்டில் அது கூடுதல் பொறுப்பாகக் கணக்கில் வரும், அந்தக் குறிப்புகளை வைத்து யாரையும் ஒப்பிட்டுக் குறைக்க மாட்டோம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்ற வாக்கியத்தையும் கேட்டேன், அதற்கு ஒரு வருடத்துக்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டார்கள். அது எனக்குப் போதவில்லை. அக்காவிடம் அதை மறைக்காமல் அப்படியே சொன்னேன்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சரி, நான் எழுத மாட்டேன், பேசுறேன், நீ எழுது" என்றார். தினமும் காலையில் அரை மணி நேரம், அந்த நேரத்தில் அவருக்கு வரும் போனை வேறொருவர் எடுக்க ஏற்பாடு செய்தோம். இந்த ஏற்பாட்டுக்குத்தான் கடிதத்தைவிட அதிகமாகப் போராட வேண்டியிருந்தது. அறிவைப் பகிர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதற்கான அரை மணி நேரத்தை எந்த வேலையிலிருந்து எடுப்பது என்று கேட்டால் அறை அமைதியாகிவிடுகிறது.

ஏஐயின் இணைப்பை எல்லாக் கோப்பிலிருந்தும் துண்டித்துவிட்டோம். இப்போது அதற்குத் தெரிவது 23 பக்கம். அதில் 14 பக்கத்தின் அடியில் அக்காவின் பெயர் இருக்கிறது. கெடு தாண்டித் திருப்பி அனுப்பும் பொருள்கள் பற்றி அவர் பேசும்போது ஒரு விஷயம் வந்தது, எந்தக் கோப்பிலும் இல்லாதது. வாடிக்கையாளர் கெடுவைத் தாண்டியதற்கு எங்கள் டெலிவரி தாமதம் காரணமா என்று அவர் முதலில் போய்ப் பார்ப்பாராம், பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்குமாம். அதை எங்கேயும் எழுதவில்லையே என்றேன். "யாரும் கேட்கலையே" என்றார்.

மாலைநேரம் சொன்ன பிரிவினையை இன்னும் செய்யவில்லை, தவறுகளை எழுத எங்களிடம் தனி இடம் இல்லை, யார் கையில் அதைக் கொடுப்பது என்றும் முடிவாகவில்லை. யாராவது சின்ன நிறுவனத்தில் இதைச் செய்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். நாசா மாதிரி மூன்றாவது ஆள் எங்களுக்குக் கிடையாது.

போன வாரம் அக்காவே என் மேசைக்கு வந்தார். தான் பேசியதில் எட்டாவது பக்கம் தப்பாக இருக்கிறது, விதி இந்த மாதம் மாறிவிட்டது, உடனே திருத்து, என் பெயர் அதில் இருக்கிறது என்றார். திருத்திவிட்டேன்.